நெருப்பு தெரியாத ஓவன்

ஓவன் விற்க வந்தால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, எதிரே நிற்பவர்கள் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதைத்தான். தில்லை நகரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கும் என் இனத்து மக்களே, 'எங்க கடையிலயும் இதே கூத்துதான்' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும்.

கதவு சாத்துகிற மாதிரி

உறையூரிலிருந்து செல்வராஜ் என்று ஒருவர் வந்தார். டவுன் பஸ் கண்டக்டர். விலை கேட்கவில்லை, ஆஃபர் கேட்கவில்லை. "இது ஓடும்போது உள்ள நெருப்பு தெரியுமா மேடம்?" என்றார் எடுத்த எடுப்பில். கேக் சுடுகிற ஓவனைப் போட்டுக் காட்டினேன். உள்ளே கம்பி சிவந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

அவர் மனைவி மல்லிகா பால் காய்ச்சும்போது முந்தானையில் தீப்பிடித்திருக்கிறது. கைப் புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அன்றிலிருந்து சமையலறைக்குள் கால் வைப்பதில்லை. "இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் குடுத்தேன் மேடம். அடுப்புன்னு பேர் இருந்தாலே கிட்ட வர மாட்டேங்கிறா. அவ்ளோ நல்லா சமைக்கிறவ, இப்ப நான் சமைக்கிறதை வாசல்ல நின்னு பாத்து அழுறா" என்றார். எனக்கு மனசு கனத்துவிட்டது.

மைக்ரோவேவைக் காட்டினேன். அதில் சிவக்கிற கம்பி கிடையாது, கதவைச் சாத்தினால்தான் ஓடும். அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பில் போட வேண்டாம் என்றுவிட்டார். "நானா வாங்கிட்டுப் போனா அதுவும் சும்மாதான் கிடக்கும். அவ வந்து தொட்டுப் பாத்தாதான் உண்டு."

உருளியோடு வந்தவர்கள்

அந்த வாரம் முழுக்க என் கண் வாசலிலேயே இருந்தது. வந்ததோ ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும். மாமா தோளில் ஒரு பெரிய துணிப்பை, அதற்குள் வெண்கல உருளி. அக்காரவடிசல் பண்ணுகிற உருளி ஓவனுக்குள் போகுமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவாளாம் மாமி.

மைக்ரோவேவில் உலோகமே வைக்கக்கூடாது, கண்ணாடிப் பாத்திரம்தான் என்று பக்குவமாகச் சொன்னேன். "கண்ணாடியில யாராவது பெருமாளுக்குத் தளிகை பண்ணுவாளோ?" என்று மாமி என்னைப் பார்த்த பார்வையில், அந்த மிஷினைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதற்குள் மாமா உருளியை ஓவன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டார். உருளிதான் பெரிசு. தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது அதுக்குள்ள போகாது. பேசாம அதைத் தூக்கி இதுக்குள்ள வெச்சுண்டு ஆத்துக்குக் கிளம்புவோமா?"

துபாயிலிருந்து ஒரு தேர்வு

துறையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி போனை என் கையில் கொடுத்தாள். வீடியோ காலில் அவள் கணவர், துபாயிலிருந்து. கோழியை முழுசாகச் சுற்றிச் சுடுமா, பீட்சா போடலாமா, நாண் ரொட்டி வருமா என்று வரிசையாகக் கேட்டார். நான் போனை ஒவ்வொரு ஓவனுக்கும் நேராகக் காட்டி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கடையைச் சுற்றிவந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

போன் கட்டானதும், "உனக்கு எதும்மா வேணும்?" என்று கேட்டேன். அவள் கடைசியிலிருந்த சின்னதைக் காட்டினாள். "அவரு வருஷத்துல ஒரு மாசம்தான் வருவாரு. மத்த நாளெல்லாம் நான் ஒருத்தி சாப்பிடுற சோத்தை சூடு பண்ணுனா போதுங்க."

மல்லிகா

ஒருவழியாக செல்வராஜ் மனைவியோடு வந்தார். அவர் ஓவனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். மல்லிகாவோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபிரிட்ஜ் வரிசையிலேயே நின்றுவிட்டார். நான் கூப்பிடவில்லை. ஆறிப்போயிருந்த என் டீயைக் கப்போடு உள்ளே வைத்து ஓடவிட்டேன். மஞ்சள் வெளிச்சம் வந்ததும் மல்லிகா இரண்டடி பின்னால் போனார். "அது வெறும் பல்புதான்க்கா" என்றேன்.

தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல மெல்லக் கிட்டே வந்தார். மணி அடித்து நின்றது. கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தானே திறந்து கப்பை எடுத்தார். டீயில் ஆவி பறந்தது. செல்வராஜ் ஃபிரிட்ஜ் விலை பார்க்கிற மாதிரி திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல கடுகு தாளிக்க முடியுமா?" என்று மல்லிகா கேட்டார். அது மட்டும் சரியாக வராது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "அப்ப தாளிக்கிறது மட்டும் உங்க வேலை. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க உள்ள வந்து வழியை மறிச்சிட்டு நிக்காதீங்க."

ஓவன் விற்றால் எங்களுக்குக் கமிஷன் உண்டு, குடும்பப் பஞ்சாயத்துக்குத்தான் கிடையாது என்றாலும், அன்றைக்கு மல்லிகா கையோடு போய்விட்ட என் ஒரு கப் டீயை மட்டும் நான் யாரிடமும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.