எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது

பிறர் கட்டுரையில் குற்றம் கண்டுபிடிக்க வாலிபர்களைப் பழக்குவது எப்பேர்ப்பட்ட தலைவலி என்று பத்திரிகை நடத்திக் கெட்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பகலில் நான் பினாங்கில் பள்ளிக்கூட வாத்தியார். மற்ற நேரத்தில் எங்கள் சங்கத்தின் மும்மாத ஆராய்ச்சி இதழுக்கு ஆசிரியர். வரும் கட்டுரைகளைப் படித்து, போடலாமா கூடாதா என்று சொல்ல இரண்டு பேரைத் தயார் செய்தேன். ஒருவன் என் பள்ளியிலேயே வேலை பார்த்த காதர். மற்றவன் ஆரோக்கியசாமி, ஓர் ஆபீசில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. இரண்டு பேருமே அப்போதுதான் ஆராய்ச்சி எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

கத்தரிக்கோல்

எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் சட்டம். ஆகவே கட்டுரையின் தலையில் இருக்கும் பெயரைக் கத்தரித்துவிட்டுத்தான் கொடுப்பேன். இந்த ஊரில் தமிழில் கட்டுரை எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்துவிடலாம் என்பதை மறந்துபோனேன். எங்கள் தீவிலேயே உள்ள ஆயர் ஈத்தாம் என்ற ஊரைப் பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுத்தால், காதர் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

"அண்ணே, இது எங்க மச்சான் கையெழுத்து லா! நான் குறை சொன்னா அக்காவை எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாரு!"

மருந்து

சரி என்று, அதன் பிறகு வந்த கட்டுரை ஒவ்வொன்றையும் என் கையாலேயே நகல் எடுத்துக் கொடுத்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆனால் மூன்று இதழ் வரைக்கும் எல்லாக் கட்டுரையும் அற்புதம். காதர் 'அற்புதம்' என்று எழுதுவான். ஆரோக்கியசாமி 'அற்புதம், அற்புதம்' என்று எழுதுவான். ஜாவாவைப் பர்மாவில் கொண்டுபோய் வைத்த கட்டுரைக்கும் அதேதான். இது என்னடா அநியாயம் என்று ஆரோக்கியசாமியைப் பிடித்து உலுக்கினேன்.

"எல்லாம் உங்க கையெழுத்தா இருக்கு. நீங்க எழுதினதுக்கு நான் வேற என்ன சார் சொல்றது?"

அம்மி

தலையில் அடித்துக்கொண்டு, நானே எழுதியிருந்தாலும் தோலை உரி என்று சொல்லி அனுப்பினேன். பையன் அதை மனசில் வைத்துக்கொண்டான். அடுத்து அவனிடம் போன கட்டுரை, சோழர் படை அக்கரையில் உள்ள கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டது என்றது. ஆதாரம், எழுதியவருடைய மைத்துனர் வயலில் கிடைத்த ஒரு கல், அது அம்மியாம். ஆரோக்கியசாமி நம்பர் போட்டு ஒன்பது கேள்வி எழுதியிருந்தான். நாலாவது கேள்வி: 'இது அம்மி என்றால் குழவி எங்கே?'

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் எழுதியவர் ஞாபகம் வந்தது. ஆரோக்கியசாமியின் ஆபீசில் பெரிய கிராணி சிங்காரவேலு! இவனை நிரந்தரமாக்கச் சொல்லும் சிபாரிசு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது. பையன் கையெழுத்து தெரியாதபடி ஒன்பது கேள்வியையும் என் கையால் நகல் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவரு கையெழுத்துப் போட்டாத்தானே சார் எனக்குப் பொண்ணு குடுப்பாங்க!"

நாலாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை பெரிய கிராணி என் வீட்டுக்கே வந்துவிட்டார். அச்சுப் பிழை திருத்த வந்திருந்த ஆரோக்கியசாமியும் அங்கே இருந்தான். வந்தவர் ஒன்பது கேள்வியையும் உரக்கப் படித்துவிட்டு, "இதெல்லாம் நீர் எழுதினதா?" என்றார். நான்தான் என்று சாதித்தேன். உடனே அவன் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தம்பி, இந்த நாலாவது கேள்வி நியாயமா?" என்றார்.

இல்லையென்று சொல்லித் தொலையடா என்று கண்ணைக் காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பாமலே, "நியாயந்தான் சார். குழவி வேணும்" என்றான். போச்சு, வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிங்காரவேலு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"வாத்தியாரே, கையெழுத்து உம்மது, நம்பர் போட்டு உயிரை வாங்கறது இவன். தினமும் ஆபீஸ்ல அனுபவிக்கிறவன் எனக்குத் தெரியாதா? நாளைக்குச் சிபாரிசுல கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா குழவி கிடைக்கிற வரைக்கும் இவன் கல்யாணத்துக்கு மட்டும் நான் வரமாட்டேன்!"

சொன்னபடி அவர் வரவில்லை, ஆரோக்கியசாமிக்கு மூன்று பிள்ளைகளும் ஆகிவிட்டன, குழவி இன்னும் கிடைத்தபாடில்லை, நான் மட்டும் வீங்கிய மணிக்கட்டோடு இன்னும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.