டகோட்டாவின் இறக்கைக்கு அடியில்

பகல் பதினொன்றரைக்கு வீட்டு ஓடுகள் அதிர, அடுக்களைப் பலகையில் பித்தளைத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்க, எங்கள் கரமனைக்கு மேலே ஒரு விமானம் போகும். அதில் அப்பா சன்னலோரம் உட்கார்ந்து என்னைத்தான் பார்க்கிறார் என்று ஒன்பது வயதில் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அத்தனை உயரத்திலிருந்து அடையாளம் தெரியவேண்டுமே என்று அம்மாவின் சிவப்பு ரவிக்கையைத் துடைப்பக்கட்டையில் கட்டி, அந்தக் கோடை விடுமுறை முழுக்க ஆற்றங்கரைப் படித்துறையில் நின்று ஆட்டினேன். குளிக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"ஏண்டா, ஆகாசத்தைப் பாத்துண்டு வெயில்லே நிக்கறாய்? அவர் இருக்கற எடத்துலே இருப்பார். நீ உள்ளே வா" என்பாள் அம்மா. அவள் சொன்னதை அப்போதே ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்.

அப்பா பம்பாய்க்கு விமானத்தில் போய், அங்கிருந்து "பேர்ஷியா"வுக்கு, வளைகுடாவுக்கு எங்கள் ஊரில் அப்போது அதுதான் பெயர், போவதாகச் சொல்லிவிட்டுப் போன மறுவாரம், அவருடைய சிநேகிதர் ஒருவர் ஒரு புகைப்படம் கொண்டுவந்து கொடுத்தார். "ஏறறதுக்கு முந்தி எடுத்ததாக்கும்" என்றார். வெள்ளைச் சட்டையில் அப்பா. பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வால் தரையில் தாழ்ந்து கிடக்க, ஒரு விமானம். அம்மா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் தந்துவிட்டாள். நான் விடவில்லை. பழைய வாராந்தரிகளைக் கடன் வாங்கி, சன்னல்களை எண்ணி, வாலுக்கடியில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கண்டுபிடித்து, அது "டகோட்டா" என்று நானாகவே முடிவுகட்டினேன். சரியான முடிவு. என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான் என்பதை நினைத்தால் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இறக்கைக்கு அடியில் ஒரு கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன். விமானிகளும் குளிப்பார்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

அப்பா திரும்பவில்லை, கடிதமும் இல்லை. எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் கிறுக்கு மட்டும். இன்று பழைய படங்களைப் பார்த்து விமானத்தின் பெயர் சொல்லும் ஒரு வாட்ஸப் குழுவில் நான் பெரிய புள்ளி. எங்கள் குழுவுக்கு ஒரு நியமம் உண்டு: படத்தில் இருக்கும் மனிதர் யார் என்று போடுபவர் சொல்லக்கூடாது, பார்ப்பவர் கவனிக்கவும் கூடாது. சக்கரம், சன்னல், எஞ்சின், வால், அவ்வளவுதான். மனிதரைப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும் என்பது எங்கள் சித்தாந்தம். குழு பிறப்பதற்கு முன்பிருந்தே, நாற்பது வருஷமாக அதை என்னைப்போல் கடைப்பிடித்தவன் எவனும் கிடையாது.

போன மாதம், பெருமைக்காக, அந்தப் படத்தைப் போட்டேன். ஐந்தாவது நிமிஷம், விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் குரல்செய்தி அனுப்பினார்.

"சாரே, வண்டி டகோட்டாதான். ஆனா பறக்காத வண்டியாக்கும். டயரைப் பாரும், காத்தே இல்லை, சுத்தியும் புல்லு. நம்ம ஏர்போர்ட்டு வேலியோரம் வருஷக்கணக்கா சும்மா கிடந்ததாக்கும். அப்புறம், நியமத்தை மீறறேன், க்ஷமிக்கணும். அந்த நிக்கற ஆளையும் எனக்கு நல்லாத் தெரியும். எங்க கேன்டீன்காரர். பொண்டாட்டியும் ஒரு பெண்குட்டியும் உண்டு. அந்தக் கயித்திலே காயறது அவா துணிதான்."

குரல்செய்தியை இரண்டு தரம் கேட்டேன். ஆனாலும் நிபுணன் அல்லவா? "ரிப்பேருக்கு நிறுத்தியிருக்கலாமே?" என்று எழுதினேன். "டயர் மாற்றுவதற்கு முந்தின நாள் எடுத்ததோ?" என்றும் எழுதினேன். "புல்லை எப்போ மாத்துவா, சாரே?" என்று பதில் வந்தது. பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கப் போனேன். வேண்டுதல் இதுதான்: நாற்பது வருஷத்துக்கு முன் அந்த விமானம் ஒரே ஒருமுறை பறந்திருக்க வேண்டும். ஓங்கி எறிந்த தேங்காய் உடையாமல் உருண்டு, பக்கத்தில் நின்ற ஐயப்ப பக்தரின் காலடிக்குப் போயிற்று. "வேறொண்ணு எடுத்தோளூ" என்றார் அவர், தயவாக. எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கயிற்றில் ஒரு புடவை, ஒரு வேட்டி, ஒரு சின்னக் கவுன்.

அம்மா கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "படம் வந்த அன்னிக்கே கவுனைப் பாத்தாச்சு. நீதான் சக்கரத்தைப் பாத்துண்டிருந்தாய்."

"என்கிட்டே ஏன் சொல்லலை?"

"சொன்னா பகல் பதினொன்னரைக்கு என்ன செய்வாய்? ரவிக்கை போனா போறதுன்னு விட்டேன்."

நேற்று அந்த வேலியோரம் போய்ப் பார்த்தேன். உயர மதில் எழுப்பியிருக்கிறார்கள். டகோட்டாவைத் துண்டுபோட்டுப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டானாம். கேன்டீன் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மிச்சத்தை அந்த மெக்கானிக் பெரியவரே போனில் சொன்னார்.

அப்பா எந்த விமானத்திலும் ஏறியதில்லை. கரமனையிலிருந்து கிழக்கேகோட்டையில் பஸ் மாறிப் போகும் தூரத்தில், பதினொரு வருஷம் இட்டலி அவித்துக்கொண்டிருந்து, அங்கேயே செத்துப்போனார்.