மாமல்லபுரத்திலிருந்து வந்த வால்வு ஆம்ப்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. வானத்தில் மேகமே இல்லை. கடற்காற்று மட்டும் சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் மாடி அறையில், ஐம்பது வருடமாகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் முன்னால் நான் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கோணி நிறத் துணி ஒட்டிய மரப்பெட்டி. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். மேலே மூன்று திருகுகள். ஒவ்வொன்றிலும் பத்தோடு நிற்காமல் பன்னிரண்டு வரை எண்கள். எனக்குக் கிறுகிறுத்தது.

"எப்பவோ தங்கின வெள்ளைக்காரர் வுட்டுட்டுப் போனது சார்" என்றார் விடுதி நடத்தும் பாய். "கரண்டைக் கொறைக்கிற டப்பாவும் எடுத்துக்கங்க. இது அவங்க ஊரு நூத்திப் பதினேழு வோல்ட்டு. நம்ம வூட்டுல நேரா சொருகினா பொகைதான்."

"வீட்டில் வேண்டாமென்றால்?"

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கொண்டாங்க. பணம் வாபஸ்."

அவர் என் மனைவியைப் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் மனைவி இருந்தார்.

செங்கல்பட்டு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டேன். உள்ளிருந்த ஐந்து கண்ணாடி வால்வுகளையும் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தடவிப் பார்த்தேன்: ஐந்து. திருக்கழுக்குன்றம் தாண்டியும் ஐந்து.

"பெருசு, மடியில இன்னா, முட்டையா?" என்றார் கண்டக்டர்.

"வால்வு."

"இருதயத்துக்கா? அப்போ டிக்கெட் வாணாம், ஆஸ்பத்திரில எறக்கி வுட்டுர்றேன்."

பஸ்ஸே சிரித்தது. ஆனால் லக்கேஜுக்கு முப்பத்தைந்து ரூபாய் வாங்கிவிட்டார்.

என் மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னாங்க இது, கோழிக்கூண்டா?"

விளக்கினேன். டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்தைய தலைமுறை. சூடேற அரை நிமிடம் பிடிக்கும். அளவுக்கு மீறித் திருகினால் ஓசை கரகரக்கும். செய்த பொறியாளர்கள் அதைக் குறையென்று நினைத்துத் தடுக்கப் பார்த்தார்கள். வாசித்த பையன்களோ அதற்காகவே முழுக்கத் திருகினார்கள்.

"கெட்டுப்போன சத்தத்துக்கா இவ்ளோ துட்டு? நாளைக்குக் காலைல மொத பஸ்ஸு. திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

எனக்கிருந்தது அந்த ஒரு சாயங்காலம். ஐந்து வால்வையும் பொருத்தி, டப்பாவில் சொருகி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். புகையில்லை. உள்ளே செம்மஞ்சளாக மினுங்கியது. என் பழைய கிதாரை மாட்டி ஒரு தந்தியைத் தட்டினேன். எழுபத்திரண்டு வயதில் முதுகெலும்பு வழியாக அப்படியொரு சிலிர்ப்பு ஏறும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. திருகு மூன்றில் தேன், ஆறில் வெல்லப்பாகு. ஒன்பதில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேல்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கத்தினார்: "அண்ணாத்த, மாவு அரைக்கிறியா, மரம் அறுக்கிறியா?"

மனைவி வந்து நின்றாள். போச்சு என்று நினைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல்தகட்டைப் படித்தாள்.

"நாலு ஓட்டை கீது. நீங்க ஒண்ணுலதான் சொருகிக்கினு கீறீங்க. இந்த ரெண்டுக்கும் மைக்குனு போட்டுக்கீது."

போட்டிருந்தது. அந்தக் காலத்துச் சின்னக் குழுக்களில் கிதார், மைக், அக்கார்டியன் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில்தான் சொருகுவார்கள். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சங்க அலமாரியிலிருந்து கூட்டத்து மைக்கை எடுத்து வந்துவிட்டாள்.

பெட்டி வீலென்று கத்தியது. முப்பது வருடம் விளையாட்டு விழா நடத்தியவள். மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் கொண்டுபோனாள், கத்தல் நின்றது. முதலில், "ஏ பிளாக், மோட்டார ஆஃப் பண்ணுங்க!" என்றாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்கள். அடுத்து, சமையலறையில் மட்டும் பாடுகிற ஒரு பழைய டூயட்டை எடுத்தாள். நான் தடவித் தடவி ஸ்வரம் பிடித்தேன். அவளே மைக் திருகைப் பன்னிரண்டுக்குத் திருப்பினாள். குரல் ஓரத்தில் கிழிந்து, கரகரத்து, அறையை நிறைத்தது. பாதிப் பாட்டில் நிறுத்தினாள்.

"என் குரலா இது?"

"உன் குரல்தான்."

"ரௌடி மாதிரி கீது" என்றாள். முகமெல்லாம் பல். "இன்னொரு தபா."

மூன்று தடவை பாடினோம். மேல்வீட்டுக்காரர் நேரில் வந்து, "இன்னாம்மா, எலக்‌ஷன் வந்துடுச்சா?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து ஆண்குரல் வரிகளைப் பாடவைத்தாள். அவருக்குச் சுருதியே இல்லை. பெட்டி அதையும் அழகாகக் கிழித்துக் கொடுத்தது.

மறுநாள் நாங்கள் ஏறியது மாமல்லபுரம் பஸ் இல்லை, சென்னை ரயில். சங்கத்து மைக் எச்சில் நாறுகிறதாம். தனக்கென்று ஒன்று வேண்டுமாம். பெட்டி, லக்கேஜ் டிக்கெட், மைக், அதற்கு ஒரு ஸ்டாண்ட், மேல்வீட்டுக்காரருக்கு அரைக் கிலோ மைசூர்பாகு, எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரத்து இருபத்தைந்து ரூபாய்.