மாமனாரின் காருக்கு முகம் கழுவியது

சண்டை முடிந்து பாதைகள் திறந்ததும் எங்கள் ஊருக்கு முதலில் வந்து சேர்ந்த முன்னேற்றம், பழைய இரும்பு வாங்குகிறவர்தான். புத்தளத்தில் உப்புக்காற்று தின்றது போக மிச்ச இரும்பு அவருக்கு. என் மனைவியின் நானா, அதாவது என் மச்சான், மாமனார் விட்டுப்போன பழைய காரை அவருக்கே கொடுக்க நினைத்தார். மனைவிக்கு அதில் விருப்பமில்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் வைத்த கறியில் உப்பில்லை. உப்பளத்து ஊரில் அது சின்ன எச்சரிக்கை அல்ல.

"வாப்பா ஓட்டின காலம் மாதிரி முன்பக்கமாவது மின்னினா யோசிப்பம்" என்றார் மச்சான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரும்புக்காரர் வருவார்.

எங்கள் பக்கத்தில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை யாரும் வீசமாட்டார்கள். எது அசையாமல் நிற்கிறதோ அதற்கு அடிப்பார்கள். மாமனாரும் உப்புக்காற்றுக்குப் பயந்து காரின் முன் கிறிலுக்கும் பம்பர்களுக்கும் வள்ளத்து நீலத்தை அடித்திருந்தார். அடியில் பழைய குரோமியப் பூச்சு உயிரோடு இருக்கலாம் என்று வாதாடினேன். நான் இலக்கியம் படித்தவன். அடியில் ஏதோ இருக்கிறது என்று வாதாடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

தேய்க்கிற அரத்தாள் பட்டால் பூச்சில் கீறல் விழும். ஆகவே பெயின்ட் கரைக்கும் மருந்தை முன்பக்கத்தில் தடவி, மரத்துண்டால் வழித்தேன். நீலம் தோலாக உரிந்தது. உள்ளே பளபளப்பு. சந்தோஷத்தில் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டுப் படுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் முழுக்கத் துருப்புள்ளி.

மனைவி வந்து பார்த்தாள். "எந்தத் தண்ணியால கழுவினீங்க?"

"கிணத்துத் தண்ணிதான்."

"அந்த உப்புச் சவர்த் தண்ணியில தேத்தண்ணி போட்டா குடிப்பீங்களா?"

"மாட்டன்."

"அப்ப வாப்பாட காருக்கு மட்டும் ஏன் ஊத்தினீங்க?"

குடிக்க வாங்கி வைத்திருந்த தண்ணீரை அவளே குடத்தோடு தூக்கி வந்தாள். சொக்லட் சுற்றி வந்த வெள்ளித்தாளைக் கசக்கி, நனைத்து, இருவரும் தேய்த்தோம். அது பூச்சைக் கீறாமல் துருவை மட்டும் எடுக்கும். இரண்டொரு குழிகள் நின்றன; மற்றதெல்லாம் போயிற்று. உடனே துடைத்து மெழுகு பூசினோம். பகல் முழுக்க வீட்டில் யாருக்கும் தேத்தண்ணி இல்லை.

மச்சான் இரும்புக்காரரோடு லொறியில் வந்தார். கிறிலுக்கு முன்னால் குனிந்து, அதில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஏத்துவமா?" என்றார் இரும்புக்காரர்.

"இது விக்கிறதுக்கு இல்ல. மினக்கெட்டு வந்துட்டீங்க, பின்னுக்கு மச்சான்ட பழைய சைக்கிள் ஒண்டு கிடக்கு. அத ஏத்துங்க."

அது நான் தினமும் ஓட்டுகிற சைக்கிள். மனைவி மச்சானைத் தடுக்கவில்லை. இன்னும் நீலமாகவே இருந்த பின் பம்பரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதையும் உரிக்கோணும்" என்றாள்.