வெளிநாட்டு வண்டியும் மீட்டர் முள்ளும்

என் மகன் தருமபுரியில் ஒரு கல் வியாபாரியிடம் டிரைவராக இருந்தான். முதலாளி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார். கதவைச் சாத்தினால் சத்தமே வராது. யாரும் இல்லாத நேரம் நானே நாலு தடவை திறந்து திறந்து சாத்திப் பார்த்திருக்கிறேன்.

அது ஓடும்போதே திடீரென்று உலுக்க ஆரம்பித்தது. முதலாளி பம்பாய்க்குக் குடிபோகிற நேரம். "வண்டி சரியானா நீயே ஓட்டிக்கிட்டு பம்பாய் வந்துடு. இல்லைன்னா இதை இங்கயே தள்ளிட்டு நான் ரயிலேறிடறேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை தூக்கத்தில்கூட பம்பாய் பம்பாய் என்றான். எனக்கு ஒரே பிள்ளை. கார் கெட்டே கிடக்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

முதலாளி வூட்டைக் காலி செய்துகொண்டிருந்ததால் கார் எங்கள் வாசலில் நின்றது. மெக்கானிக் பாய் அங்கேயே வந்தார். நல்ல மனுஷர், மோர் கொடுத்தால் செம்போடு குடிப்பார். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று இஞ்சினுக்குச் சொல்ல ஒரு சின்ன சென்சார் இருக்கிறதாம். அவருக்கு அதன்மேல்தான் சந்தேகம். கரண்ட் அளக்கிற மீட்டரின் இரண்டு கம்பியையும் இரண்டு கையால் அதில் பிடித்துக்கொண்டார். மகன் உள்ளே உட்கார்ந்தான். முள்ளைப் பார்க்க ஆளில்லை.

"ஆத்தா, மீட்டரப் புடிங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே பாய்."

"கண்ணு தெரியுதில்ல? தம்பி மெதுவா மிதிப்பான், முள்ளு மெதுவா ஏறணும். நடுவுல விழுந்தா சொல்லுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாளா என்றுகூடப் பார்த்தேன். மகன் மிதித்தான். முள் ஏறிப் பாதியில் சடக்கென்று விழுந்து, மறுபடி ஏறியது.

"நல்லாத்தான் ஏறுதுங்க" என்றேன்.

பாய் கம்பிகளைக் கீழே வைத்தார். "அப்ப கோளாறு இதுல இல்ல. இனி எனக்குத் தெரியாது தம்பி."

கண்ணாடி வழியாக மகன் தெரிந்தான். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். என்னால் பார்க்க முடியவில்லை.

"இன்னொரு தடவ மிதி சாமி... ஆமாங்க பாய், விழுதுங்க. பாதியில விழுது."

"ஆத்தாவ நானே வேலைக்கு வச்சுக்கிறேன்!" என்று பாய் சிரித்தார்.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து புதுசு வந்தது. பாய் இரண்டு திருகாணியை இளக்கி, சென்சாரைத் துளித்துளியாகத் திருப்பினார். மிதிக்காதபோது முள் நிற்க வேண்டிய இடத்தை எனக்கு விரலால் காட்டியிருந்தார். முள் அங்கே வந்ததும் "நில்லுங்க" என்றேன். முடுக்கினார். பிறகு மிதித்தபோது முள் விழவே இல்லை. மறுநாள் விடிய மகன் கிளம்பிவிட்டான்.

மூணு வருஷம் கழித்து அவன் அப்பா போனார். தந்தி கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான்:

"ஏம்மா, அன்னிக்கு மொதல்ல முள்ளு நல்லா ஏறுதுன்னு ஏன் சொன்ன?"

"நீ போவக் கூடாதுன்னுதான்."

"அதோட வுட்டிருக்கலாமே ம்மா."

பக்கத்து வூட்டிலிருந்து வந்த சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். பிசைந்துகொண்டே இருந்தான்.