நடுமடிப்பில் விழுந்த முகம்

விருத்தாசலத்தில் ஒரு அச்சகத்தில் லே-அவுட் பண்ணிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கர் வைத்துப் பக்கம் அமைத்த காலம். பக்கத்துப் பீங்கான் கம்பெனியின் மண்தூசி கீபோர்டு முழுக்க வெள்ளையாகப் படியும். துடைக்கும்போதெல்லாம் திட்டித் திட்டியே எனக்கு வாய் நீண்டுபோச்சு. நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கென்று ஒரு மாத இதழ் எங்களிடம் அச்சானது.

ஒருநாள் அதன் ஆசிரியர் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் புருஷன் கலியமூர்த்தி தவில்காரர். ஐப்பசி அடைமழையில் கோயில் கச்சேரிக்குப் போனவர் திரும்பவில்லை. வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அவளிடம் இருந்தது ஒரே போட்டோ, மேளக் குழுவோடு நிற்பது. அதைக் கடை கடையாகக் காட்டி ஊர் ஊராக அலைந்திருக்கிறாள்.

"பெருசா போடும்மா. யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க. உசுரோட இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சா போதும்," என்றாள்.

"நடுப்பக்கத்துல, ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரே படமா போட்டுடும்மா," என்றார் ஆசிரியர்.

வந்தது வினை. கலியமூர்த்தி நிற்பது நட்டநடுவில். ரெண்டு பக்கப் படத்துக்கு நடு என்றால் மடிப்பு. படத்தை நகர்த்தினால் ஓரத்தில் நிற்கும் நாதஸ்வரக்காரரின் தோள் அறுபடும். அவர் ஆசிரியருக்குச் சம்பந்தி! "அவர வெட்டுன, என் பொண்ணு வூடு திரும்பிடும்," என்று ஆசிரியர் ஒரே பிடி.

இதற்கு ஒரு வழி உண்டு. எங்கள் இதழுக்கு எப்போதும் சைடு பின். ஓரத்தில் பின் அடித்த புத்தகம் முழுசாக விரியாது, மடிப்பில் கொஞ்சம் உள்ளே போய்விடும். அதனால் முகத்தின் நடுப்பட்டையை ரெண்டு பக்க ஓரத்திலும் ஒவ்வொரு தடவை வைப்போம். மறைகிறது மறைந்து, மீதி சேர்ந்து சரியான முகமாகத் தெரியும். அப்படித்தான் வைத்தேன்.

பைண்டிங்காரர் என்ன செய்தார்? "புக்கு ஒல்லியா இருக்குது, சென்டர் பின்னே போதும்னு அடிச்சிட்டேங்க." சென்டர் பின் அடித்தது தட்டையாக விரியும். ரெண்டு பட்டையும் தெரிந்தது. மூக்கு பருத்து, கண் ரெண்டும் விலகி, கன்னம் அகன்று, படத்திலிருந்து வேறு யாரோ ஒருவர் பார்த்தார். அடுக்கில் மேலே இருந்த பிரதி தானாக நடுப்பக்கத்தில் திறந்துகொள்ளும். மூடுவேன். ஃபேன் காற்றில் மறுபடி திறக்கும். பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் இல்லை.

அதற்குள் பாதிப் பிரதிகள் தபாலில் போய்விட்டன. அஞ்சலை பார்த்துவிட்டு, "ஐயோ, இது என் வூட்டுக்காரரே இல்ல," என்று அழுதாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு ஒருநாள் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். பாலத்துப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். மகன் நாதஸ்வரம் கற்கிறானாம், அதனால் வீட்டுக்கு இதழ் வருகிறது. நடுப்பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"போன மழையில வெள்ளாத்துல ஒதுங்குன ஆளு இவருதாங்க. நான்தான் கரைக்கு இழுத்தேன். யாருன்னே தெரியாம பொதைச்சாங்க."

"அந்தம்மா உங்க கடையிலயும் போட்டோ காட்டியிருக்குமே?" என்றேன்.

"காட்டுச்சிங்க. ஒல்லி மூஞ்சியா இருந்துது, இல்லம்மான்னு அனுப்பிட்டேன். தண்ணியில ஊறி உப்புன மூஞ்சி, நீங்க போட்டிருக்கிற மாதிரியேதாங்க இருந்துது."

பைண்டிங்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். போலீஸ் ஸ்டேஷனில் எடுத்து வைத்திருந்த சட்டையை அஞ்சலை அடையாளம் காட்டினாள். தோள்பட்டைக் கிழிசல் அவள் தைத்தது.

லே-அவுட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முகத்தை மடிப்பில் வைக்காதீர்கள். வைத்துத்தான் தீரவேண்டுமென்றால் பின் எங்கே அடிப்பார்கள் என்று பைண்டிங்காரர் எதிரில் போய் நின்று கேளுங்கள்.

காரியம் முடிந்தபின் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். படம் அப்படி வந்ததற்கு வருத்தம் சொன்னேன்.

"நல்லா வந்திருந்தா, இன்னமும் வருவாருன்னுதாம்மா ஒக்காந்திருப்பேன்," என்றாள்.

நான் தெருவில் இறங்கியதும் பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அவர் போன நாளிலிருந்து அஞ்சலை அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டதே இல்லையாம்.