மண்வெட்டி ஊன்றின காலை

ராக்காயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ஆள் வாயைத் திறக்கும்போதே அவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். புருஷன் அய்யாவுவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அரிசி கண்ணில் பட்டு மாசக்கணக்காகிவிட்டது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் நின்றுபோயிருந்தது. ஒருநாள் காலை, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் சொன்னார். மரவள்ளி போட ஆற்றோரம், மேடு, காட்டோரம் என்று மூன்று இடம். ஒவ்வொன்றும் மூன்று ஏக்கர். நாளைக் காலை வீட்டுக்கு ஒரு மண்வெட்டி கொண்டுவந்து பிடித்த இடத்தில் ஊன்ற வேண்டும். ஓரிடத்தில் எத்தனை மண்வெட்டியோ அந்த மூன்று ஏக்கர் அத்தனை பங்காகப் பிரியும். ஊன்றினதைப் பிடுங்கக் கூடாது.

கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் முப்பது வீடு. ஆற்றோரம் கறுப்பு மண், போட்டது விளையும். மேட்டில் கல் அதிகம், ஆனாலும் பரவாயில்லை. காட்டோரத்தில் பன்றி வந்து தோண்டும். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அது ஆகாது. கால் ஏக்கருக்குக் குறைந்தால் பிள்ளைகளுக்குப் பத்தாது என்பது ராக்காயிக்குத் தெரியும்.

சாயங்காலம் குழாயடியில் ஒருவரும் உண்மை பேசவில்லை.

“ஆத்தோரத்துல எல்லாரும் போய் விழுவாங்க. முழம் நெலந்தான் கெடைக்கும்,” என்றான் அடுத்த வீட்டு அழகேசன். “நான் காட்டோரந்தான்.”

பன்றிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிற ஆள் அவன். மேட்டுக்குத்தான் போகப்போகிறான் என்று ராக்காயிக்குப் புரிந்தது. மற்றவர்களும் ஆற்றோரத்துக் கூட்டத்தைப் பற்றியே பேசினார்கள். இத்தனை பேரும் கூட்டத்துக்குப் பயந்து ஒதுங்கினால், அப்புறம் கூட்டம் எங்கிருந்து வரும்? ஒவ்வொருத்தனுக்கும் தான் மட்டும் கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

“நீ எங்கக்கா?” என்றாள் எதிர்வீட்டுப் பிச்சையம்மாள்.

“ஆத்தோரம்.”

“பொய் சொல்லாதக்கா லா.”

“நான் எதுக்குடி பொய் சொல்றேன்? புடிச்சா வா, புடிக்கலன்னா போ.”

அழகேசன் சிரித்தான். “நம்மள அங்க தள்ளிவிட்டுட்டு அக்கா மேட்டுக்கு வரப் பாக்குது.”

ராக்காயி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. தான் நினைத்ததையே இன்னும் இருபது பேர் நினைத்திருந்தால்?

மறுநாள் மேட்டில் பத்தொன்பது மண்வெட்டி நின்றது. காட்டோரம் நான்கு. ஆற்றோரத்தில் ராக்காயியுடையதைச் சேர்த்து ஏழு.

“உண்மையச் சொல்லியே கவுத்திட்டியேக்கா,” என்று மேட்டிலிருந்து பிச்சையம்மாள் கத்தினாள்.

“கேட்ட, சொன்னேன். நம்பாதது ஒன் குத்தம்.”

அந்த வருசம் மேட்டில் நட்டவர்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளைப் புதைத்தார்கள். ராக்காயியின் இரண்டும் பிழைத்துக்கொண்டன. பிச்சையம்மாளுக்கு வாரம் ஒரு கூடை கிழங்கு கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, கூடைக்கு ஒருநாள் களை பிடுங்க வைத்தாள். பிச்சையம்மாள் திட்டிக்கொண்டே வந்து பிடுங்கிவிட்டுப் போனாள்.